“கழுத்துல மட்டும் கை வைக்காதே!” - திருவொற்றியூர் வீட்டில் உருவான சாப்பர் புல்லட்

தேரடி மெட்ரோ ஸ்டேஷன் படியில் இறங்கும்போதே கடல் வாசம் அடிக்கும். கூடவே டீசல் வாசமும் வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் உபயம் அது. திருவொற்றியூருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு வாசனையும்தான் பெரியப்பா வீட்டுக்கு எனக்கு வழி சொல்லும். போன பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. தெருமுனை திரும்புவதற்கு முன்பே கிரைண்டர் சத்தம் கேட்டது.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. நான் கேட்டைத் திறந்து உள்ளே போனபோது, போர்டிகோவில் ஒரு பக்கம் அண்ணன், கையில் கிரைண்டர். இன்னொரு பக்கம் பெரியப்பா, கையில் பிடுங்கிய பிளக். நடுவில் டேங்க்கும் சீட்டும் கழற்றப்பட்ட 1986 மாடல் புல்லட்.

“என்ன வேணா பண்ணிக்கோ. கழுத்துல மட்டும் கை வைக்காதே. சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பெரியப்பா கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். பெரியம்மா என்னைப் பார்த்து, “வா பாப்பா, காபி குடிக்கிறியா?” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

கழுத்து என்று பெரியப்பா சொன்னது, ஹேண்டில்பாரின் தண்டு நுழைகிற அந்தக் குழாயை. வண்டியின் மொத்தச் சட்டமும் வந்து சேர்கிற இடம் அது. மெக்கானிக்குகள் ‘ஹெட்’ என்பார்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் பெரியப்பா வேலை பார்த்த 30 வருடங்களில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் கழிந்தது. கிண்ணத்தில் கிரீஸ் தடவி, பால்ஸை ஒவ்வொன்றாக அதில் ஒட்டி, ஃபோர்க்கை உள்ளே விட்டு, மேல் நட்டை இறுக்கி, இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். “இறுக்கிட்டா ஹேண்டில் திரும்பாது. லூஸா விட்டா பிரேக் போடும்போது டக்குனு தட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு, அது விரலுக்குத்தான் தெரியும்” என்பார். அந்தக் கழுத்தில் இப்போது ஒரு கீறல். நகத்தின் ஆழம், கட்டைவிரல் நீளம். அண்ணன் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆலை ஊர்

எங்கள் டெஸ்க்கில் பைக் மாடிஃபிகேஷன் வீடியோக்களுக்குத் தலைப்பு வைக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ‘பழைய புல்லட்டை இப்படியும் மாற்றலாமா?’ என்று நானே பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு வண்டியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வீட்டில் என்னென்ன நடக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தேரடிக்கு மெட்ரோ ஏற ஆரம்பித்தேன்.

காபி குடித்துவிட்டுப் பெரியப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். தியாகராஜ சுவாமி கோயிலில் அவர் வழக்கமாக உட்காரும் மண்டபத்தில் இருந்தார். பிறகு இருவரும் நடந்தே திரும்பினோம். காலடிப்பேட்டை பெயர்ப்பலகையைப் பார்த்தால் பலருக்கும் ஆதிசங்கரர் பிறந்த காலடி நினைவுக்கு வரும். ஆனால், 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ‘காலெட் பேட்டை’ அது. ஜனங்களின் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. வெட்டி ஒட்டுகிற வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை, அவர் இருந்த மனநிலையில் அது எடுபட்டிருக்காது.

விம்கோ தீப்பெட்டி, எம்.ஆர்.எஃப் டயர், எண்ணூரில் அசோக் லேலண்ட், இங்கே என்ஃபீல்டு என்று ஆலைச் சங்கை வைத்தே மணி பார்த்த ஊர் இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கியது. இந்திய ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட்டுகள்தான் அதற்குக் காரணம். முதலில் உதிரிபாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-ல் இங்கிலாந்தில் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1977-ல் அந்த இங்கிலாந்துக்கே இங்கிருந்து வண்டி ஏற்றுமதியானது. பெரியப்பா அதற்குச் சில வருடங்கள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். ஆனாலும் அந்த ஏற்றுமதியை, தானே கப்பலில் ஏற்றி அனுப்பிய மாதிரி சொல்வார். பிறகு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் வந்ததைப் பற்றிக் கேட்டால், “அங்கேயும் நல்லாத்தான் பண்றாங்க” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்.

1986-ல் சம்பளத்தில் பிடித்தம் செய்து வாங்கிய வண்டி அது. பெரியம்மாவைப் பிரசவத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், பிறந்த பிள்ளையை டேங்க் மேல் உட்கார வைத்து மெரினாவுக்குப் போனதும் அதில்தான். அந்தப் பிள்ளைதான் கிரைண்டரோடு நின்றுகொண்டிருந்தான்.

மாடிச் சுவரில் ஓர் ஓவியம்

அண்ணனுக்கு 35 வயது. மணலி பக்கம் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் சூப்பர்வைசர். அவன் எதையும் யோசிக்காமல் கிரைண்டரைத் தூக்கவில்லை என்பது மாடிக்குப் போனபோது புரிந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் ஒரு வண்டியை அசல் அளவிலேயே வரைந்து வைத்திருந்தான். முன்சக்கரம் எங்கோ தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, நீளமான ஃபோர்க், தோளுக்கு மேல் உயர்ந்த ஹேண்டில்பார், தரையோடு தரையாக ஒரு சீட். பக்கத்தில் சென்டிமீட்டர் கணக்குகள். கழுத்துக்கு அருகில் மட்டும் பெரிதாக ‘40 டிகிரி’ என்று எழுதியிருந்தது.

சாப்பர் பரிச்சயமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கனமான வண்டிகளில் மட்கார்டைக் குறைத்தார்கள், வேண்டாததைக் கழற்றினார்கள். வண்டி இலகுவானது, வேகமும் கூடியது. அது ‘பாபர்’. அடுத்த தலைமுறை சட்டத்தையே வெட்டியது. கழுத்தைச் சாய்த்து ஒட்டி, ஃபோர்க்கை நீட்டியது. வெட்டியதால் ‘சாப்பர்’. 1969-ல் வந்த ‘ஈஸி ரைடர்’ படம் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் ஓட்டும் வண்டிகள், லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ் ஏலத்தில் எடுத்த பழைய ஹார்லிகளில் இருந்து உருவானவை. உருவாக்கியவர்கள் கிளிஃப் வான், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியுலகம் அவர்களைப் பேசியது.

இதையெல்லாம் அண்ணன் தன் அப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். “வண்டி கட்டினவன் பேர் யாருக்கும் தெரியாதுங்கிறது எனக்குப் புதுசா என்ன?” என்று கேட்டாராம் பெரியப்பா. அப்புறம், “அது ஏலத்துல எடுத்த வண்டி. இது அப்படியா?” என்றாராம்.

ஆர்.சி-யில் இருப்பது என்ன?

சமாதானம் பேச வந்தவர், பெரியம்மாவின் சித்தப்பா மகன். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி-யைக் கேட்டார்.

“சேஸிஸ் நம்பர் எங்கே அடிச்சிருக்கு தெரியுமாப்பா? நீ கிரைண்டர் வெச்ச இடத்துக்குப் பக்கத்துல. அது போச்சுன்னா வண்டியே இல்லை. உங்கப்பா பேர்ல ஒரு பழைய இரும்பு இருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்ன சட்ட நிலவரம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றலாம், அதையும் ஆர்.சி-யில் பதிய வேண்டும். அதே 2019-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “கழுத்தைச் சாய்ச்சா வீல்பேஸ் மாறும். ஒத்தை சீட்டு போட்டா, ரெண்டு பேர்னு இருக்கிறது பொய்யாகும். 15 வருஷம் தாண்டின வண்டி, 5 வருஷத்துக்கு ஒருதடவை காட்டிப் புதுப்பிக்கணும். அடுத்த வருஷம் உன் வண்டி வரணும். எவன் கையெழுத்துப் போடுவான்?”

இணையத்தில் பார்க்கிற பளபள சாப்பர்களில் பாதிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. அந்த வீடியோக்களுக்குத் தலைப்பு வைக்கும்போது நானும் இதைக் கேட்டதில்லை.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி எனக்கு மெசேஜ் அனுப்பினான்: ‘அடுத்த ஞாயிறு புதுப்பேட்டை வர்றியா?’

நம்பர் இல்லாத சட்டம்

புதுப்பேட்டை என்றதும் தனுஷ் படம் நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. வண்டி வைத்திருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவே, ஆதித்தனார் சாலையிலும் லேங்ஸ் கார்டன் சாலையிலும் அவற்றின் சந்துகளிலுமாக விரிந்து கிடக்கிற உதிரிபாக உலகம் அது. ஒரு கடையில் கார் கதவுகள் மட்டும், துணிக்கடைப் புடவைகள் மாதிரி அடுக்கி நிற்கும். பக்கத்துக் கடையில் முகப்பு விளக்குகள் மட்டும். எதிரே சைலன்சர்கள் வாழைத்தார் போலத் தொங்கும். தரை முழுக்க எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன மண். உளியும் சம்மட்டியுமாக ஒருவர் ஒரு முழு என்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் டீ டம்ளர், அதன் மேல் ஈ மொய்க்காமல் ஒரு பிஸ்டன் ரிங் வைத்த காகிதம். வாசலில் நிற்கிற எல்லோரும் “என்ன வண்டி? என்ன மாடல்?” என்று கேட்பார்கள். “சும்மா பார்க்கிறோம்” என்று சொன்னால் முகம் திரும்பிவிடும்.

நாலைந்து கடைகள் ஏறி இறங்கியபின், ஒரு சந்தின் கோடியில் அண்ணன் தேடியது கிடைத்தது. பழைய புல்லட்டின் வெறும் சட்டம். துரு ஏறியிருந்தது, ஆனால் கோணல் இல்லை. கழுத்துப் பகுதியில் ஒரு சதுரத் துளை. எனக்குத் திக்கென்றது, ‘பொல்லாதவன்’ பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது சகஜம். கடைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“திருட்டு வண்டி இல்லம்மா. உடைக்கிறதுக்குக் குடுத்த வண்டி. நம்பர் இருக்கிற துண்டை வெட்டி எடுத்து, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல குடுத்து ரத்து பண்ணிட்டாங்க. அதான் ஓட்டை. இது செத்துப்போன சட்டம். வீட்டுல வெச்சு அழகு பார்க்கலாம், ரோட்டுக்கு வராது.”

எடை போட்டு, பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே பேரம் படிந்தது. அதை ஷேர் ஆட்டோவில் ஏற்ற முடியாது என்று மூன்று பேர் சொல்ல, நாலாவது ஆள் ஏற்றினார். திருவொற்றியூர் வரும்வரை என் மடியில் ஒரு பக்கம், அண்ணன் மடியில் ஒரு பக்கம்.

வீட்டு வாசலில் இறக்கியதும் பெரியப்பா வந்து பார்த்தார். கழுத்தில் இருந்த துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இதை வெட்டு. நானும் வரேன்” என்றார்.

40 டிகிரி

அடுத்த ஆறு வாரங்கள் அந்த மாடியில் நடந்ததை முழுக்க எழுதினால் ஒரு தொடரே போடலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பழைய புல்லட்டின் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கழுத்தில் இருந்து கீழே இறங்கும் குழாய், என்ஜினுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். என்ஜினுக்குக் கீழே குழாய் கிடையாது. அதாவது, என்ஜினே சட்டத்தின் ஒரு துண்டு. அதைக் கழற்றிவிட்டு வெட்டினால் மொத்தமும் கிளிஞ்சல் மாதிரி வாய் பிளந்துகொள்ளும். பெரியப்பா முதலில் செய்தது, ஆங்கிள் இரும்பில் ஒரு பொய் என்ஜின். அதைப் போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் கிரைண்டரைத் தொடவிட்டார். தரையில் சுண்ணாம்புக் கோடு, ரசமட்டம், தூக்குக்குண்டு. “கம்பெனியில இதுக்கு ஜிக் இருக்கும். இங்கே நம்ம கண்ணுதான் ஜிக்கு.”

வெல்டிங் வைக்கத் தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு நிமிடம் சட்டத்தைச் சுற்றி வந்தார். “நான் கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவன் சார். கேட்டு விழுந்தா காலோட போகும். இது விழுந்தா தலை. ரோட்டுக்குன்னா நான் வைக்க மாட்டேன்” என்றார். ரோட்டுக்கு இல்லை என்று பெரியப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் ராடைப் பற்ற வைத்தார். லேத்துப் பட்டறையில் 5 இன்ச் நீளம் கூட்டிய குழாய்களை ஃபோர்க்குக்காகக் கடைந்து வாங்கினோம். பழைய 19 இன்ச் சக்கரங்கள் இரண்டு, புதுப்பேட்டையில் இருந்து.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அது தன் காலில் நின்றது. சுவரில் இருந்த கரி ஓவியம் இறங்கி வந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு அழகு. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெரியம்மாகூட வந்து பார்த்துவிட்டு, “கலியாண மாப்பிள்ளை சாஞ்சு உட்கார்ந்த மாதிரி இருக்கு” என்றார்.

பெரியப்பா மட்டும் நூலை எடுத்தார். முன் அச்சில் இருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் ஒரு புள்ளி. கழுத்தின் சாய்வு போகிற நேரிலேயே நூலை இழுத்துத் தரையில் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ‘டிரெயில்’ என்று பெயர். ஆஸ்பத்திரி டிராலியின் சின்னச் சக்கரம், தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். அந்தத் தூரம் இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். கீழே போர்டிகோவில் இருந்த அசல் புல்லட்டில் அளந்தபோது கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் வந்தது. இதில் 19-ஐத் தாண்டியது.

“நேர் ரோட்டுல ராஜா மாதிரி போகும். அமெரிக்கால நூறு மைல் வளைவே இல்லாம ரோடு இருக்கும்னு நீதானே சொன்னே? அங்கே சரி. இப்போ இதைத் தெருவுல இறக்கு” என்றார் பெரியப்பா.

நாலு பேர் தூக்கி இறக்கினோம். மணி பதினொன்று இருக்கும். தெருவில் நாய்களைத் தவிர யாருமில்லை. அண்ணன் ஏறி உட்கார, நானும் பட்டறைக்காரரும் தள்ளினோம். நேராகப் போகும்வரை நன்றாகத்தான் போனது. கறிக்கடை முனையில் திருப்பினான். முன்சக்கரம் திரும்ப ஆரம்பித்ததும், யாரோ கீழே இருந்து பிடித்து இழுத்த மாதிரி ஒரு பக்கமாக மடிந்து விழுந்தது. கழுத்து இவ்வளவு சாய்ந்திருந்தால், திருப்பத் திருப்ப வண்டியின் முன்பக்கம் கீழே இறங்குமாம்; அதனால் வண்டியின் எடையே ஹேண்டில்பாரை மேலும் மடக்கும். மெதுவாகப் போகும்போதுதான் அது அதிகம். என்ஜின்கூட இல்லாத வண்டி அது. அப்படியும் அண்ணனின் வலது கால் கட்டைவிரல் நகம் போனது.

அவன் நடைபாதையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான். விரைவுச் சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தினமும் காலை எட்டு மணிக்கு அந்த லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துதான் அவன் மணலிக்கு வேலைக்குப் போகிறான்.

“நெத்தியில அடிபடாம கால்ல பட்டுச்சே” என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் சொன்னார். சொல்லிக் காட்டவில்லை.

2 டிகிரி

அதன் பிறகுதான் அசல் புல்லட்டில் வேலை ஆரம்பித்தது. பெரியப்பா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த வண்டியில் பிறந்த எதையும் வெட்டக் கூடாது. கழற்றலாம், வெட்ட வேண்டியதைப் புதுப்பேட்டையில் வாங்கி வெட்டிக்கொள்ளலாம்.

பின்பக்க ஷாக் அப்சார்பரை 50 மில்லிமீட்டர் குட்டையானதாக மாற்றினார்கள். பின்பக்கம் தாழ்ந்தால் கழுத்து தானாகச் சாயும். புல்லட்டின் வீல்பேஸ் 1,370 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 2 டிகிரி வரும். “உனக்கு 40 வேணும்னே. 27 இருந்தது, 29 ஆயிடுச்சு. வெச்சுக்கோ” என்றார் பெரியப்பா. ஆனால், சென்டர் ஸ்டாண்டு போட இப்போது இரண்டு ஆள் வேண்டும்.

உயரமான ஹேண்டில்பார் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹேண்டில்பாரை மாற்றுவதுதானே என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். அது உயர்ந்தால் கிளட்ச், முன் பிரேக், ஆக்ஸிலரேட்டர், டீகம்ப்ரஷன் என்று எல்லா கேபிளும் நீள வேண்டும். புதுப்பேட்டையில் கையால் முழம் போட்டு கேபிள் கட்டித் தருகிறவர் இருக்கிறார். முதல் தடவை கட்டியதில் முன் பிரேக் பஞ்சு மாதிரி இருந்தது. பெரியப்பா அதைத் திருப்பிக் கொடுத்து, கேபிள் போகிற வழியை மாற்றி, இன்னும் குறைந்த நீளத்தில் மறுபடி கட்ட வைத்தார். முன் மட்கார்டைக் கழற்றிவிட்டு அண்ணன் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தான். மழையில் ஒருநாள் முகமெல்லாம் மணலிச் சேற்றோடு வந்து, தானே எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு. பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன சீட்டு. அது இருக்க வேண்டும் என்று சொன்னது பெரியம்மா. காரணம் ஆர்.சி இல்லை. “நான் எங்கே உட்காருவேன்?” என்று கேட்டார்.

சைலன்சரைத் தொடவில்லை. டேங்க்கையும் தொடவில்லை. அந்தக் காலத்தில் ஆலையில் தூரிகையால் கையாலேயே இழுத்த தங்கக் கோடு அதில் இன்னும் இருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் அண்ணனின் குழந்தைப் பருவத்துப் பெல்ட் பக்கிள் உராய்ந்து அழிந்திருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு சாமானும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏறிவிட்டது. ஒவ்வொன்றிலும் பெரியப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘பின் ஷாக் - இடது’, ‘பின் ஷாக் - வலது’, ‘ஹேண்டில் - அசல்’.

ஓய்வுபெற்ற ஆய்வாளர் வந்து பார்த்தார். “புதுப்பிக்கப் போகும்போது கம்பெனியில இருந்து வந்த மாதிரி போகணும். இப்பவும் நான் சரின்னு சொல்லலை. நடுவுல ரோட்டுல யாராவது நிறுத்தினா என் பேரைச் சொல்லாதே” என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் அண்ணன் இன்னும் கம்பி மேல்தான் நடக்கிறான். அது அவனுக்கும் தெரியும்.

இது சாப்பரா? என்னைக் கேட்டால் இல்லை. வெட்டாததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அண்ணனும் அப்படிச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் “சும்மா, ஹேண்டில் மாத்தியிருக்கேன்” என்கிறான். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். தொட்டிச் சுவரில் இருந்த கரி ஓவியத்தை அவன் இன்னும் அழிக்கவில்லை. அந்தச் செத்த சட்டம் அதன் கீழே நிற்கிறது. அதன் ஹேண்டில்பாரில் பெரியம்மா துணி காயப் போடுகிறார்.

கடைசியாக நான் போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். முதலில் யார் ஓட்டுவது என்று பேச்சே வரவில்லை. அண்ணன் சாவியை அப்பாவிடம் நீட்டினான். பெரியப்பா ஹெல்மெட் மாட்டிக்கொண்டார். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறவரை காத்திருந்து, ஒரே உதை. டக்... டக்... டக் என்று அந்தப் பழைய சத்தம் தெருவை நிறைத்தது. வலது காலால் கியரை மேலே தூக்கினார். முதல் கியர் மேலே, மற்றது கீழே. அந்தக் காலத்து வண்டி.

பட்டினத்தார் சமாதிப் பக்கம் போய், கடலோரமாக எண்ணூர் திசையில் போய்விட்டார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தோம். அரைமணி நேரம் ஆனது. பெரியம்மா மூன்று தடவை கேட் வரை போய் வந்தார். அண்ணன் போனைக் கையிலேயே வைத்திருந்தான்.

திரும்பி வந்தவர் வண்டியை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே ஹேண்டில்பாரை இடமும் வலமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். கீறல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

“பின் பிரேக் இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு” என்றார். “அப்புறம், ஒரு கப் காபி.”